பின்னறை ஜன்னல்

மென்னா: மெதுவா, கெதின்! ஜன்னல் திரைச் சங்கிலியை இழுக்கிறியா, இல்ல மலையிலேருந்து ஆட்டுக்கிடாவை இழுக்கிறியா?

கெதின்: ரெண்டு விரலாலதான் தொட்டேன்… அதுவா பிரிஞ்சு கையோட வந்துடுச்சு. நீ வாங்கின சாமானோட லட்சணம்!

மென்னா: பிரியணும்னுதானே அதை வாங்கினதே! பழைய சங்கிலி வளையமாத் தொங்கும். பிள்ளை கழுத்துல மாட்டிச்சுன்னா விடாது. இந்த இணைப்பு, கொஞ்சம் பாரம் விழுந்தாலே பட்டுன்னு விட்டுடும்.

கெதின்: அப்ப தினம் காலையில திரையைத் தூக்கறதுக்குள்ள நான் பத்துத் தடவை கோத்துக்கிட்டு நிக்கணுமா?

மென்னா: கோத்துக்கிட்டு நில்லு. தபால் பையை இறக்கி வச்சு ரிட்டையர் ஆயாச்சு, வேற என்ன வேலை உனக்கு?

கெதின்: வாயைப் பாரு… அந்த ஸ்க்ரூவைக் கொடு. சங்கிலியோட அடியை இழுத்துச் சுவத்தோட முடுக்கிட்டா, தொங்கவே தொங்காது.

மென்னா: நல்லா முடுக்கு. சாயங்காலம் கேரிஸ் வந்துடுவா. போன தடவை கவுன்சில் குழந்தைகள் பிரிவுலேருந்து வந்தப்ப வீடெல்லாம் பிடிச்சிருக்குன்னா. இங்க பழைய சங்கிலியைப் பாத்ததும் மூஞ்சி மாறிடுச்சு. ‘இதை மாத்தாம பிள்ளையை அனுப்ப முடியாது’ன்னு…

கெதின்: வளக்கப் பிள்ளை வேணும்னு மனுப் போட்டது நீ. பரீட்சை எழுதறது நான்.

மென்னா: நாலு வயசுப் பொண்ணு. செரனுக்காக ஒரு ஏணி ஏற மாட்டியா?

கெதின்: அதான் ஏறியாச்சே. ஆச்சு. இழுத்துப் பாரு… அசையுதா? இறங்கி ஏணியை மடக்கிடறேன். டீ போடு. அந்த உலர்பழ ரொட்டி, பாரா ப்ரித், ரெண்டு துண்டு, வெண்ணெய் தாராளமா.

மென்னா: மடக்காதே.

கெதின்: ஏன்?

மென்னா: பின்னறையிலயும்… ஒரு ஜன்னல் இருக்கில்ல.

கெதின்: அது என் ரயில் அறை.

மென்னா: பொம்மை ரயில்.

கெதின்: மாடல் ரயில்! அங்க யாரு வரப்போறா? செரனோட கட்டில் இங்க கிடக்கு.

மென்னா: பிள்ளைன்னா எல்லா அறைக்கும்தான் போகும்.

கெதின்: பூட்டிட்டாப் போச்சு.

மென்னா: பூட்டவெல்லாம் வேண்டாம்… பையில சங்கிலியும் ஸ்க்ரூவும் இன்னொரு ஜோடி இருக்கு. மாட்டிடேன்.

கெதின்: ஒண்ணு போதும்னுதானே சொன்னே?

மென்னா: கடைக்காரர் சும்மா கொடுத்தார்.

கெதின்: யாரு, நம்ம ஊர்க் கடைக்காரரா? மழைத்தண்ணியைக்கூட அளந்து விடறவராச்சே!

மென்னா: உனக்கு எல்லாத்துக்கும் ஒரு கேள்வி…

கெதின்: காது செவந்துபோச்சு பாரு.

மென்னா: அடுப்படிச் சூடு.

கெதின்: அடுப்பே பத்த வைக்கலையே, மென்னா.

மென்னா: இறங்கு. கீழ இறங்கு முதல்ல.

கெதின்: இறங்கிட்டேன். சொல்லு.

மென்னா: செரனுக்கு ஒரு தம்பி இருக்கானாம். மாக்சன். ரெண்டு வயசு. அவனை ஸ்வான்சீல வேறொரு வீட்ல விட்டிருக்காங்க. கதவுகிட்டயே போய் உக்காந்துக்கிறானாம். அக்கா வருவான்னு…

கெதின்: ம்.

மென்னா: ரெண்டு பேரையும் சேத்து வச்சுக்க ஆள் கிடைச்சா பிரிக்க மாட்டாங்களாம். இல்லேன்னா ஆளுக்கொரு ஊருதான். கேரிஸ் போன்ல கேட்டா. நான்… உன்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம சரின்னுட்டேன்.

கெதின்: சரின்னுட்டியா!

மென்னா: ஆமா! உனக்கு முதுகு வலி, எனக்கு முட்டி வலி, ஒரு பிள்ளையை வளக்கறதே பெரிசு, எல்லாம் எனக்கும் தெரியும். வேண்டாம்னா இப்பவே சொல்லிடு. அவ வந்ததும் நானே… ஆனா கெதின், கதவுகிட்ட உக்காந்திருக்கானாம்…

கெதின்: அழாதே. மூக்கைத் துடை. அந்த ஜோடியை எடு.

மென்னா: அப்ப… உனக்குச் சம்மதமா?

கெதின்: கேரிஸ் முதல்ல எனக்குத்தான் போன் பண்ணா. நான் அப்பவே சரின்னுட்டேன். ‘மென்னா என்ன சொல்வாங்களோ’ன்னு பயந்தா. ‘நான் சொன்னதைச் சொல்லாம நீயே கேட்டுப் பாரு. சட்டுன்னு சரிம்பா… என்கிட்டதான் சொல்ல மாட்டா’ன்னேன்.