மீனுக்கு வேற உப்பு

சங்கரன்கோவில் போற பஸ்ஸில் எனக்கு முன் சீட்டுக்காரர், மடியில் ஒரு வாளி உப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இம்புட்டு உப்பு எதுக்கு வே?" என்றார் பக்கத்தில் இருந்த பெரியவர்.

"வீட்டுல சுவரு நீளத்துக்கு அளவெடுத்து மீன் தொட்டி செஞ்சிருக்கேன் அண்ணாச்சி. பவளப்பாறை, கடல் மீனு எல்லாம் உண்டு. உப்புத்தண்ணியிலதான் உயிரோட இருக்கும்."

"நம்ம போர்லயும் உப்புத்தண்ணிதான வருது? அதையே ஊத்த வேண்டியதுதான?"

"அது வேற உப்பாம், மீன் செத்துரும்னு தொட்டி செஞ்சவன் சொல்லுதான். கேன்ல நல்லதண்ணி வாங்கி, அதுல இந்த உப்பைக் கலக்கணும்."

"நல்லதண்ணியை வாங்கி உப்பாக்குதீரா? சரி, வீட்டுல குடிக்கதுக்கு?"

"கேன் எல்லாம் தொட்டிக்கே சரியாப் போவுது. எங்களுக்குப் போர் தண்ணிதான். நாங்க என்ன மீனா அண்ணாச்சி, செத்துப் போறதுக்கு?"