வெள்ளிக்கிழமை ஆட்டுக்கறி

இல்ல சாமி, நான் உக்காரல. உக்காந்தா கோபம் எறங்கிரும், அப்புறம் வந்த காரியம் கெட்டுரும். நீங்க உக்காருங்க. கோப்பியா? அது வேணா குடுக்கச் சொல்லுங்க, நின்னுக்கிட்டே குடிச்சுக்குவேன்.

ஆமா, அம்மாவைப் பத்தித்தான். வேற எதுக்கு இந்த வெயில்ல ரிக்‌ஷா புடிச்சு வர்றேன்? போன ஞாயித்துக்கிழமையும் நற்கருணை வாங்க எந்திரிக்கல, அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமையும் எந்திரிக்கல. முக்காட்டை இழுத்து விட்டுக்கிட்டு பெஞ்சுல அப்படியே இருக்காங்க. மத்த பொம்பளைங்க அவங்க முழங்காலைத் தாண்டித் தாண்டிப் போறாங்க. போறவங்க சும்மா போறாங்களா? திரும்பிப் பாக்குறாங்க. வர்றப்ப இன்னொரு தடவை பாக்குறாங்க. அன்னமேரி என்ன பாவம் பண்ணிட்டான்னு கோயிலே கணக்குப் போடுது. நான் நாளைக்கு அக்கரைக்குப் போய் பிறை ஸ்டேஷன்ல ரயிலேறி சிங்கப்பூர் காலேஜுக்குப் போயிருவேன். அப்பா இல்லாத வீடு. அந்த பெஞ்சுல அவங்களை இப்படியே விட்டுட்டு நான் போய் அங்க சரித்திரம் படிக்கணுமா?

தெரியும், உங்க காதுக்கும் வந்திருக்கும். எங்க பக்கத்து வீட்டு நவமணி டீச்சர் வந்து சொல்லியிருப்பாங்க. இல்லன்னு சொல்லாதீங்க சாமி, நீங்க பொய் சொல்லக் கூடாது. டீச்சரோட மூக்கு இருக்கே, அது சுவரைத் தாண்டி எங்க அடுப்படிக்கே வந்து உக்காந்துக்கும். வெள்ளிக்கிழமை, கறி தொடாத சுத்தபோசன நாள்ல அன்னமேரி வீட்டுல ஆட்டுக்கறி வாசம்! அதானே சொன்னாங்க? அது நெஜம்தான். நான் இல்லன்னு சொல்ல வரல. வழக்கு அது இல்ல.

முழுசாக் கேளுங்க, அப்புறம் தீர்ப்பு சொல்லுங்க.

எங்கம்மாவுக்கு ரெண்டு சிநேகிதிங்க. ருக்கு சின்னம்மா ஒண்ணு, நூர்ஜான் பெரியம்மா ஒண்ணு. சொந்தம் இல்ல சாமி, கூப்பிட்டுப் பழக்கம். அந்தக் காலத்துல அக்கரையில, பாகான் டாலாம்ல மூணு வீட்டுக்கும் ஒரே கெணறு. மூணு பேரும் கல்யாணமாகி வந்த புதுசு. ஒருத்தி பெத்தா மத்த ரெண்டு பேரும் பத்தியம் வடிச்சுப் போட்டவங்க. நான் யார் பாலைக் குடிச்சேன்னு எங்கம்மாவுக்கே சந்தேகம். அப்புறம் நாங்க இந்தப் பக்கம் வந்துட்டோம். ருக்கு சின்னம்மா மகன் தாசேக் கெலுகோர்ல கித்தாப் பால் வெட்டுற தோட்டத்துல கணக்கெழுதுற கிராணி, அவன்கூட இருக்காங்க. நூர்ஜான் பெரியம்மாதான் இன்னும் அதே வீட்டுல இருக்காங்க, அவங்க வீட்டுக்காரர் நூர் முகம்மது மாமாவோட மளிகைக் கடைக்குப் பின்னால.

பெருநாள் முடிஞ்சதும் பெரியம்மாவும் மாமாவும் மக்காவுக்குக் கப்பல் ஏறுறதாத் திட்டம். ஆமா, ஹஜ்ஜுக்கு. கப்பல் இங்கேருந்துதானே? மாமா, ஆச்சே தெருவுல ஹாஜிங்க தங்குற வீட்டுல எடம் புடிச்சாரு. பெரியம்மா ஒரே முடிவா சொல்லிட்டாங்களாம், நான் கப்பல் ஏறுற வரைக்கும் மேரி வீட்டுலதான் இருப்பேன்னு. அதைக் கேட்டு ருக்கு சின்னம்மாவும் மூட்டை கட்டிட்டு வந்துட்டாங்க. ஒரு வாரம் சாமி. எங்க வீட்டுல அடிச்ச கூத்து இருக்கே!

ருக்கு சின்னம்மா ஒரு கூடை நெறைய தனிப் பாத்திரம் கொண்டு வந்தாங்க. மருமகள் குடுத்து விட்டாளாம், வேதக்கார வீட்டுல தனியா ஆக்கிச் சாப்பிடுங்கன்னு. முப்பது வருஷம் ஒரே சட்டியில கை விட்டவங்க! அந்தப் பாத்திரத்தையெல்லாம் வரிசையா வச்சு என்ன பண்ணாங்க தெரியுமா? மழை பேஞ்சப்ப ஒழுகுற எடத்துல வச்சாங்க. ஊருக்குப் போறப்ப கழுவித் தொடச்சு எடுத்துட்டுப் போனாங்க, பொழங்கினது மருமகளுக்குத் தெரியணும்லா!

காலையில பசியாறுறது எத்தனை மணிக்கு? பக்கத்துல பள்ளிக்கூடம் விட்டு டீச்சர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வர்றப்ப இவங்க இட்டிலி சாப்பிட்டுக்கிட்டு இருப்பாங்க. கோப்பியை ஊத்துவாங்க, பேசுவாங்க, ஆறிப்போயிரும், திரும்ப ஊத்துவாங்க. வீட்டைக் கூட்டல. துணி ஊறின வாளியிலேயே ஊறிச்சு. எங்கம்மா சாமி, ஒரு தலையணை கோணலா இருந்தா தூங்க மாட்டாங்க, அவங்க. நான் ஒரு தடவை, அம்மா துணி நாறுதுன்னேன். நாறட்டும்டி ஆலிஸ், அது என்ன ஓடியா போகுதுன்னாங்க. எனக்கு மயக்கம் வந்திருச்சு.

ஒரு நா கொடிமலைக்குப் போனோம். அந்த ரயில் செங்குத்தா ஏறுதுல்ல? இவங்க மூணு பேரும் கையைக் கோத்துக்கிட்டாங்க. எங்கம்மா செபமாலை, ருக்கு சின்னம்மா முருகா முருகா, நூர்ஜான் பெரியம்மா அவங்க ஓதுறதை ஓதுறாங்க. எதிர்ல உக்காந்திருந்த வெள்ளைக்காரன் பயந்துட்டான், ரயில் விழப்போகுது, இந்தப் பொம்பளைங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருச்சுன்னு. மேல போய் எறங்கினா, குளிருதுடி, வா போலாம்னு அடுத்த ரயில்லயே எறங்கிட்டாங்க. கீழ வந்து, ஆகா என்னா காத்து, என்னா காத்துன்னு மறுநா பூரா அதே பேச்சு.

இன்னொரு நா பாடாங் கடற்கரையில புடவையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு... அதுவும் டீச்சர் சொல்லிட்டாங்களா? என்ன சொன்னாங்க, முழங்கால் தெரிஞ்சதுன்னா? கணுக்கால் சாமி. அலை வந்து நனைச்சிருச்சு. நூர்ஜான் பெரியம்மா, மேரி இந்தத் தண்ணியிலதானேடி போகப் போறேன், கொஞ்சம் பழக்கம் பண்ணிக்கிறேன்னாங்க. அதுல என்ன தப்பு? கடைத்தெரு ஆம்பளைங்க அதே கடற்கரையில கைலியை மடிச்சுக் கட்டிக்கிட்டு பட்டாணி கொறிக்கிறாங்களே, அதுக்கு யாராவது உங்ககிட்ட வந்து சொல்றாங்களா? எங்கண்ணன் ரேமண்ட் ஈப்போவுல சனிக்கிழமை பூரா கிளப்புல கெடக்கான், அதுக்குப் பேரு ஓய்வு. மூணு பொம்பளைங்க ஒரு வாரம் சிரிச்சா அதுக்குப் பேரு என்ன? சொல்லுங்க. தமிழ்ல இருக்கா அதுக்கு ஒரு வார்த்தை?

சரி சரி, விஷயத்துக்கு வர்றேன்.

இப்படி இருந்ததுல கெழமை மறந்து போச்சு. அதான் சாமி என் வாதமே. காலண்டர் தாளை ஒருத்தரும் கிழிக்கல. நாளும் கெழமையும் வேலை செய்றவங்களுக்குத்தானே? அந்த வாரம் அவங்க வேலையே செய்யல. கப்பலுக்கு முந்தின நா நூர்ஜான் பெரியம்மா, இன்னிக்கு நான்தான் ஆக்குவேன், ஒருத்தரும் அடுப்படிக்குள்ள வரக் கூடாதுன்னுட்டாங்க. ஹஜ்ஜுக்குப் போறவங்க வழக்கம் அது. வேண்டியவங்களைக் கூப்பிட்டு, கையால ஆக்கிப் போட்டு, தெரிஞ்சும் தெரியாமலும் நான் ஏதாவது பண்ணியிருந்தா மன்னிச்சுக்கன்னு கேட்டுட்டுத்தான் கப்பல் ஏறணும். காலையிலேயே ஆள் அனுப்பி ஆட்டுக்கறி வாங்கியாச்சு. பட்டை, லவங்கம், நெய்யின்னு வாசம் தெருமுனை வரைக்கும் போச்சு. அம்மா சாப்பிட்டாங்க. அவ்வளவுதான்.

அன்னிக்கு வெள்ளிக்கிழமை. எங்களுக்குக் கறி ஆகாது. ருக்கு சின்னம்மாவுக்கும் ஆகாது, அவங்களும் வெள்ளிக்கிழமை சைவம்தான். ஆனா மறந்துட்டாங்க. நீங்க ஞானோபதேசத்துல என்ன சொல்லிக் குடுத்தீங்க? சாவான பாவம்னா முழு அறிவோட, முழு சம்மதத்தோட பண்ணணும். எங்கம்மாவுக்கு அறிவு இல்ல... அதாவது, அன்னிக்கு வெள்ளிக்கிழமைங்குற அறிவு இல்ல. அறிவு இல்லன்னா பாவம் இல்ல. பாவம் இல்லன்னா, நற்கருணை வாங்குறதுக்கு முன்னாடி உங்ககிட்ட வந்து பாவசங்கீர்த்தனம் எதுக்கு? அன்னமேரி, எந்திரிச்சு வந்து வாங்கிக்கன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். முடிஞ்சது வழக்கு.

இன்னொண்ணு. இதே ரேமண்ட் அண்ணன் வெள்ளிக்கிழமை துரை வீட்டு விருந்துல கோழிக்கால் கடிச்சதை அவனே சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான். கேட்டா உத்தியோகமாம். நவமணி டீச்சர் வெள்ளிக்கிழமை சுத்தபோசனம் எப்படி? இவ்வளவு பெரிய கறுப்பு வவ்வால் மீனு, எண்ணெயில முறுமுறுன்னு. அது தபசு! சட்டப்படி சரிதான், மீனு கறியில சேராது, நான் சட்டத்தைக் கொறை சொல்லல. கொஞ்சம் சொல்றேன்தான். ஆனா அது வேற வழக்கு.

என்னது? நானா? நான் சாப்பிட்டேனான்னு கேக்குறீங்களா? அதுவும் வேற வழக்கு சாமி.

நூர் முகம்மது மாமாவா? ஆமா, அவரும் வந்தாரு சாப்பிட. ஆச்சே தெருவுலேருந்து நடந்தே வந்தாரு, வெள்ளைத் தொப்பி, வெள்ளைச் சட்டை, அத்தர் வாசம் கமகமன்னு. ஜும்மா முடிச்சிட்டு நேரா...

ம்.

ஆமா சாமி. ஜும்மா வெள்ளிக்கிழமைதான்.

கோப்பி ரொம்ப சூடா இருக்கு. இருங்க.

நீங்க பாண்டிச்சேரியில தமிழ் படிச்சீங்கன்னு சொன்னாங்க. வக்கீலுக்கும் படிச்சீங்களா? இல்ல, சும்மாதான் கேட்டேன். எங்க காலேஜ் விவாத மேடையில ஒருத்தனும் என்னை இப்படி மடக்கினதில்ல. சரி, உக்காந்துக்கிறேன்.

அம்மா மறந்துட்டேன்னு சொல்லவே இல்ல. மறந்துட்டாங்கன்னு நான்தான் சொன்னேன். அவங்ககிட்டயும் அப்படியே சொல்லிக் குடுத்தேன், கெழமை ஞாபகம் இல்லன்னு சாமிகிட்ட ஒரு வார்த்தை சொல்லும்மான்னு. போடி, பொய் சொல்லியா போய் நற்கருணை வாங்குறதுன்னுட்டாங்க.

மாமா படியேறுறப்பவே அவங்களுக்குத் தெரியும். அதுக்கு முன்னாடியே, கறி வந்தப்பவே தெரியும். பெரியம்மாதான் மறந்துட்டாங்க. வெள்ளிக்கிழமைங்குறதை இல்ல, வெள்ளிக்கிழமைன்னா எங்களுக்கு என்னங்குறதை. முப்பது வருஷமா அவங்களுக்குத் தெரியும் சாமி. பாகான் டாலாம்ல வெள்ளிக்கிழமையானா, இன்னிக்கு என் சட்டியைத் தொடாதீங்கடின்னு அவங்கதான் வெரட்டுவாங்களாம். அன்னிக்கு மனசு பூரா கப்பல்லயே இருந்திருக்கு. கறியை எறக்கி வச்சிட்டு வந்து ரெண்டு பேர் கையையும் புடிச்சுக்கிட்டாங்க. மேரி, ருக்கு, தெரிஞ்சோ தெரியாமலோ நான் உங்களுக்கு ஏதாவது தப்பு பண்ணியிருந்தா மன்னிச்சிருங்கடின்னாங்க. அழுதாங்க. அந்த ஈரக் கையோடதான் பரிமாற உக்காந்தாங்க.

அப்ப எப்படிச் சொல்றது? மன்னிப்பு கேட்டு வாய் மூடல, இப்பவே ஒண்ணு பண்ணிட்ட அக்கான்னா? ருக்கு சின்னம்மா அம்மாவைப் பாத்தாங்க. அம்மா ருக்கு சின்னம்மாவைப் பாத்தாங்க. சின்னம்மா முழங்காலால ஒரு இடி இடிச்சாங்க, பாயில உக்காந்திருந்த எனக்கே அது பட்டுச்சு. அப்புறம் ரெண்டு பேரும் பிசைஞ்சு வாயில வச்சாங்க. பெரியம்மா மொகத்தைப் பாக்கணும் சாமி நீங்க! உப்பு சரியா இருக்கா, உப்பு சரியா இருக்கான்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க.

மறுநா கப்பல் போயிருச்சு. அவ்வளவு வயசு, அவ்வளவு தூரம். போனவங்க எல்லாரும் திரும்பி வர்றாங்களா?

அதான் அம்மா வர மாட்டேங்குறாங்க. பாவசங்கீர்த்தனத்துக்கு மனஸ்தாபம் வேணும்ல? செஞ்சதுக்கு வருத்தப்படணும். ஆலிஸ், நானும் ராத்திரி பகலா யோசிச்சுப் பாக்குறேன், வருத்தமே வர மாட்டேங்குது, நாளைக்கு அவ திரும்பவும் ஆக்கிப் போட்டா திரும்பவும் சாப்பிடுவேன், அப்புறம் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு சாமிகிட்ட மண்டி போடுறதுன்னு கேக்குறாங்க. இதை மறைக்கத்தான் சாமி, மறந்துட்டாங்கன்னு ஒரு வாதம் கட்டினேன். அதான் இவ்வளவு நேரம் கத்திக்கிட்டு இருந்தேன்.

என்ன சாமி, தாடியைத் தடவுறீங்களே.

இருங்க, ஒண்ணே ஒண்ணு. இன்னிக்குக் காலையில பசியாறுறப்ப அவங்களாவே சொன்னாங்க. ஆலிஸ், மொதத் தட்டு சாப்பிட்டது அவளுக்காக, அதுக்கு நான் வருத்தப்பட மாட்டேன். பெரியம்மா போதுமா போதுமான்னு கேட்டப்ப, போதும்னு சொல்லியிருக்கலாம், அவ ஒண்ணும் நெனைச்சிருக்க மாட்டா. எலும்பா பாத்துப் போடுக்கான்னு ரெண்டாவது தட்டை நீட்டினேன்ல, அது அவளுக்காக இல்லடி, அது என் நாக்குக்காகன்னாங்க. அதுக்கு மட்டும் கொஞ்சம் வருத்தமா இருக்காம்.

மனஸ்தாபத்துக்கு அது போதுமா சாமி? சிரிக்காம சொல்லுங்க. அம்மா வெளியில ரிக்‌ஷாவுலதான் உக்காந்திருக்காங்க, கூப்பிடட்டுமா?