கழுவிக் கொடுத்த கப்

புஜைரா போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு நாகர்கோவில் பெண்கள். ஒருத்தி மலையோரத்து அரபுக் கிராமப் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சராகப் புதிதாகச் சேர்ந்தவள். மற்றவள் அதே ஊர் கிளினிக்கில் நர்ஸ். டீச்சர் சொன்ன ஒரு வரியில் என் தூக்கம் போய்விட்டது.

“எக்கா, நான் காப்பி குடிச்ச கப்பைக் கேட்டு ஆள் அனுப்புனாங்க.”

“யாரு?”

“என் கிளாஸ் பொண்ணு ஒருத்தியோட அம்மா. கைக்குழந்தையோட ஸ்கூலுக்கு வந்தாங்க. எவ்வளவு அழகா இருக்குன்னு கன்னத்தைக் கிள்ளுனேன்.”

“மாஷா அல்லா சொன்னியா?”

“அது எனக்கு எங்க தெரியும்?”

“ஏட்டி, அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல். நான்தான் மருந்து கொடுத்தேன். அதைச் சொல்லாததால உன் கண்ணு பட்டிருச்சுன்னு நினைக்காங்க. நீ குடிச்ச மிச்சத்தைத் தண்ணியில கலந்து பிள்ளை மேல தெளிக்கத்தான் கேட்டிருக்காங்க. கொடுத்தியா?”

“கொடுத்தேன். எச்சில் கப்பை எப்படிக்கா கொடுக்கது? கழுவித்தான் கொடுத்தேன்.”

“சோப்பு போட்டா?”

“ரெண்டு தடவை.”

நர்ஸ் தலையில் கை வைத்தாள்.

“நீ வேணும்னே செஞ்சேன்னு நினைப்பாங்க. இனி உன் கிளாஸுக்கு ஒருத்தரும் பிள்ளையை அனுப்ப மாட்டாங்க.”

பஸ் மலைக்குள் நுழைந்தது. அடுத்த நிறுத்தம் அவர்களுடையது. டீச்சர் அவசரமாகப் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, அண்ணாந்து பாதியைக் குடித்தாள். மீதியை மூடி நீட்டினாள்.

“இது போதுமாக்கா?”

நர்ஸ் மூடியைத் திறந்து திருப்பிக் கொடுத்தாள்.

“ஏட்டி, வாய வச்சுக் குடி.”