ஓரம் அடிச்ச துணி

– அரை மணி நேரம் ஆகலடி, அதுக்குள்ள எந்திரிச்சா எப்படி? கடிகாரத்தைப் பாரு, இன்னும் பத்து நிமிஷம் இருக்கு.

– போதும்க்கா.

– என்ன போதும்? மனச்சோர்வு போகணும்னா தினமும் காலைல இந்த வெளிச்ச விளக்கு முன்னாடி உக்காரணும்னு டாக்டரம்மா சொன்னது உனக்கா எனக்கா? வெயில் வராத மாசத்துல இதுதான்டி உனக்கு வெயில். உக்காரு என் தங்கம். இந்தச் சட்டைக்குக் கை வச்சு முடிச்சுட்டு டீ போட்டுத் தர்றேன். இன்னைக்கு மனசு எப்படி இருக்கு?

– அப்படியேதான் இருக்கு.

– ஐயோ பாவமே. சரி விடு, நான் இருக்கேன்ல.

– அக்கா, தைக்கிறதை நிறுத்திட்டு இப்படித் திரும்பு. இது என்னன்னு சொல்லு.

– எது? லைனிங் துணி. வெட்டினது போக மிச்சம் கிடந்திருக்கும். எங்கேருந்து எடுத்த?

– விளக்குக்குள்ளேருந்து. தூசி தட்டலாம்னு முன்பக்க மூடியைக் கழட்டினேன். பல்புக்கும் மூடிக்கும் நடுவுல மூணு மடிப்பா மடிச்சு வச்சிருந்துச்சு.

– கடைக்காரன் வச்சிருப்பான். கண்ணு கூசக் கூடாதுன்னு.

– போன வருஷமும் இதே விளக்குதான். அப்ப கூசிச்சே.

– அப்ப உனக்குப் பழக்கமில்ல.

– சுத்தி ஓரம் அடிச்சிருக்குக்கா. நாலு மூலையிலயும் முன்ன பின்ன ஓட்டி நூலை முடிச்சிருக்கு. விளக்குக் கடைக்காரன் எப்பக்கா தையல் கத்துக்கிட்டான்?

– இரு, இந்தக் கையை முடிச்சுக்கிறேன்.

– மிஷினை விட்டுட்டு பதில் சொல்லு.

– ஓரம் அடிக்கலேன்னா பிரிஞ்சு நூல் நூலா வந்துடும்டி.

– அடிப்பாவி! அதான் உன் கவலையா?

– போன வருஷம் மூணே வாரம்தான் உக்காந்த. நாலாவது வாரம் குளிக்கும்போது பாட்டுப் பாடுற. அடுத்த நாளே வெளியூர் வேலைக்கு எழுதிப் போடுற. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?

– அதுக்கு?

– அம்மா போனதுக்கப்புறம் எனக்கு யாருடி இருக்கா? நீ படுத்துக் கிடந்தா நிமிஷத்துக்கு ஒரு தரம் 'அக்கா அக்கா'ன்னு கூப்பிடுவ. ஊட்டினா தின்னுவ, வாரி விட்டா தலையைக் காட்டுவ. நல்லாயிட்டா நானும் இந்த மிஷினும் ஒண்ணுதான் உனக்கு.

– பல்லு தேய்க்க எந்திரிக்க முடியாம ரெண்டு மாசம் கிடந்தேன்க்கா. எல்லாருக்கும் கேக்குற வைத்தியம் எனக்கு மட்டும் கேக்கலியே, இனி இப்படியேதானான்னு உன் மடியில படுத்து அழுதேன். நீ முதுகைத் தடவிக் கொடுத்த. உள்ள துணி இருக்குன்னு தெரிஞ்சே தடவிக் கொடுத்த.

– தினமும் எடுத்துடலாம்னுதான் நினைப்பேன். சத்தியமா! அந்த விளக்கை ஏறெடுத்துப் பாக்க முடியாமத்தான் மிஷினையே சுவத்துப் பக்கம் திருப்பிப் போட்டேன்.

– டாக்டரம்மாகிட்ட 'ஒழுங்காத்தான் உக்காருறா, என்னமோ பலிக்க மாட்டேங்குது'ன்னு உச்சு கொட்டினியே. அவங்க மாத்திரையைக் கூட்டி எழுதினாங்க. முழுங்கினது யாரு?

– நான் பாவிதான். திட்டு, நாலு அறை வேணா அறை. ஆனா துணியைத்தான் எடுத்தாச்சுல்ல, இப்பவே உக்காரு. மூணு வாரத்துல பழையபடி ஆயிடுவ. அப்புறம் எந்த ஊருக்கு வேணா போ, நான் தடுக்க மாட்டேன்.

– திங்கக்கிழமை போறேன். வேலை கிடைச்சிருச்சு.

– இந்த நிலைமையிலயா? தலை சீவக்கூட முடியாம கிடக்குற, தனியா எப்படிடி இருப்ப?

– துணியை எடுத்து ஒரு மாசம் ஆச்சுக்கா. நான் நல்லாத்தான் இருக்கேன். நீயா சொல்லிடுவியான்னு பாக்கத்தான் தினமும் 'அப்படியேதான் இருக்கு'ன்னு சொல்லிட்டுப் படுத்துக் கிடந்தேன். ஒவ்வொரு தடவையும் நீ நிம்மதியா ஒரு மூச்சு விட்டுட்டு மிஷினை ஓட்டின.