கோடு வரை நிரம்பிய கேன்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும், பார்த்து. நீங்கள் கேட்டு வந்ததை ஒரே வரியில் சொல்லிவிடலாம். அப்படிச் சொன்னால் என்னைத் தப்பாக எடுத்துக்கொள்வீர்கள். அதனால் கதையாகவே சொல்கிறேன். வறுத்த கடலை இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். உப்பு தூக்கலாக இருக்கும். எனக்கு அப்படித்தான் பிடிக்கும்.

நான் பார்த்தது சிறுநீர் சேகரிக்கிற வேலை. சிரிக்காதீர்கள். ஜனங்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கண்டுபிடிக்கிற ஆராய்ச்சிக்கூடம் எங்களுடையது. முதலில் வீடு வீடாகப் போய் வாயால்தான் கேட்டோம். மீசையில் கேக் துணுக்கு ஒட்டியிருக்க, ஒரு தையல்காரர் சொல்வார், "இனிப்பா? கண்ணால பார்த்தே ரொம்ப நாளாச்சும்மா." எழுதிக்கொண்டு வருவேன். எரிச்சலாக இருக்கும். சாப்பிடுவதில் வெட்கமில்லை, சொல்வதில் மட்டும் என்ன வெட்கம்?

எங்கள் டாக்டரம்மாதான் வழி சொன்னார். "வாய் சொல்றதை விடுங்க. தின்னது என்னன்னு உடம்பு காட்டிக் குடுத்துடும்." தின்ற உப்பில் பெரும்பங்கு சிறுநீரில் வந்துவிடுமாம். அதனால் ஆளுக்கு ஒரு கேன் கொடுத்து, ஒரு நாள் முழுக்கப் போவதை அதில் பிடித்து வைக்கச் சொல்வோம். கேனில் ஒரு கோடு உண்டு. அதற்குக் கீழே இருந்தால் முழுசாகப் பிடிக்கவில்லை என்று தள்ளிவிடுவார்கள்.

யார் முழுசாகப் பிடித்தார்கள்? ஒருவர் ஆபீஸில் மறந்துவிடுவார். ஒருத்தி அருவருப்பில் பாதியைக் கொட்டிவிடுவாள். நான் மூச்சுவாங்க மாடிப்படி ஏறித் தூக்கி வந்ததைப் பார்த்து டாக்டரம்மா எல்லார் முன்னாலும் பெருமூச்சு விடுவார். தண்ணீர் ஊற்றினால் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் குறைகிற கேனில் என்னுடையதை ஊற்றிக் கோடு வரை நிரப்பிவிடுவேன். கடைகளில் எடை குறைந்தால் ஒரு கை அள்ளிப் போடுவதில்லையா, அந்த மாதிரி. அப்புறம் நான் கொண்டுவந்த ஒரு கேனைக்கூடத் தள்ளவில்லை. நான் போகிற தெருக்களில் மட்டும் பணக்காரர், ஏழை எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே அளவு உப்பு தின்கிறார்கள் என்று டாக்டரம்மா ஆச்சரியப்பட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது.

வீட்டில் நாங்கள் இரண்டே பேர். நானும் என் நாத்தனாரும். என் வீட்டுக்காரர் போன பிறகு அவர் தங்கை என் பொறுப்பு. அவளுக்கு இதயம் பலவீனம், கால் இரண்டும் வீங்கியிருக்கும். ஆஸ்பத்திரியில் நீரை வெளியேற்ற மாத்திரை கொடுத்து, உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். குறைத்தும் வீக்கம் வடியவில்லை. சரி, உடம்பே சொல்லட்டும் என்று அவளையும் ஆராய்ச்சியில் சேர்த்துவிட்டேன். அவள் கேன் கோட்டை எட்டவே எட்டாது. வழக்கம்போல நிரப்பிக் கொடுத்தேன். உப்பு ஏகத்துக்கு இருப்பதாக வந்தது.

"அண்ணி, நீங்க போடறதைத்தானே சாப்பிடறேன். எனக்கு ஏது தனியா உப்பு?" என்றாள்.

நான் கோபப்படவில்லை. எல்லாரும் இதைத்தானே சொல்கிறார்கள். சாப்பாட்டில் உப்பை அடியோடு நிறுத்தினேன். மறுபடியும் அதே அளவு வந்தது. ரொட்டியிலும் பிஸ்கட்டிலும் உப்பு உண்டு, அவற்றையும் நிறுத்தினேன். வேகவைத்த காயும் கஞ்சியும் மட்டும் கொடுத்தேன். அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். பேச்சுத்துணைக்கு வருகிற பக்கத்து வீட்டுப் பெண் முந்தானையில் கொண்டுவருகிறாளோ என்று அவளையும் வரவேண்டாம் என்றேன். கேனில் உப்பு குறையவே இல்லை.

அவளுக்குப் பேச்சு குழறியது. தன் முன்கையில் வழிந்த வியர்வையை நக்கிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் தலையணைக்கு அடியில் ஏதாவது பொட்டலம் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. எவ்வளவு சாமர்த்தியமாக ஒளிக்கிறாள் என்று நினைத்தேன்.

நடுவில் ஒரு தடவை எனக்குக் காய்ச்சல். நிரப்ப முடியவில்லை. அவளுடையது மட்டும், கோட்டுக்கு வெகு கீழே, அப்படியே போயிற்று. எனக்காக டாக்டரம்மா அதைத் தள்ளாமல் சோதித்தார். நான் வேலைக்குத் திரும்பியதும் முகம் மாறி என் மேஜைக்கே வந்தார்.

"இது உங்க நாத்தனாரோடதா? உப்பே இல்லையே. மாத்திரையை நிறுத்துங்க. உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

அந்த இடத்தில்தான் எல்லாம் எனக்குப் புரிந்தது, கண்ணுகளா. இத்தனை நாள் கேனில் வந்தது என் கடலையின் உப்பு. ஆமாம் என்றால் அந்தத் தெருக்களும் கேன்களும் மொத்தமாகக் குப்பைக்குப் போகும். அதுகூடப் பரவாயில்லை. வீட்டுக்குப் போய் அவள் கட்டில் பக்கத்தில் நின்று, நீ சொன்னதெல்லாம் நிஜம் என்று அவளிடம் சொல்ல வேண்டும். நான் சொன்னேன், "அவளோடது இல்லம்மா. கேன் மாறிப்போச்சு."

அன்று சாயங்காலம் அவள் என்னை அம்மா என்று கூப்பிட்டாள். "ஒரே ஒரு கல்லு உப்பும்மா. முழுங்க மாட்டேன். நாக்குல வெச்சுட்டுத் துப்பிடறேன்."

சாவி என் இடுப்பில்தான் இருந்தது. அடுத்த கேன் வரட்டும், பார்க்கலாம் என்றேன். தலையணையைச் சரிசெய்து, முகத்தைத் துடைத்து, கஞ்சி ஊட்டினேன். உப்பு போடவில்லை. விடிந்ததும் அவளுக்கு வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் உயிர் அடங்கிவிட்டது. அங்கே ரத்தத்தைச் சோதித்து, அதில் உப்பே இல்லை என்று போலீசுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அதனால்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

ஆமாம், தெரிந்துதான் செய்தேன். அதை எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். உப்பே சாப்பிடவில்லை என்று அவள் சொன்னாள், சரி. கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கக் கூடாதா? பாதி உயிரோடு முனகினால் யார் நம்புவார்கள்?

கிளம்பும்போது இன்னும் ஒரு கை கடலை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அடுப்பு எந்நாளும் எரியட்டும், உப்புக்குக் குறைவு வராமல் இருக்கட்டும். சாப்பாட்டு விஷயத்தில் பொய் சொல்கிற ஒருத்தி மட்டும் உங்கள் வீட்டில் வந்து சேராமல், நீங்கள் எல்லாரும் நன்றாக இருக்க வேண்டும்.