செதில் ஒட்டிய கை

டம்ளரை வெந்நீரில் கழுவித்தான் காபி ஊற்றியிருக்கிறேன், தயங்காமல் குடியுங்கள் இன்ஸ்பெக்டர் சார். லிங்கராஜபுரத்துக்கு வந்ததிலிருந்து இந்த வீட்டில் மீன் வாடை இல்லாமல் இருப்பது இப்போதுதான்.

என் வீட்டுக்காரர் ஹெர்பர்ட் நல்ல மனிதர். குடி கிடையாது, என்னைக் கைநீட்டி அடித்ததும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் சிவாஜிநகர் மார்க்கெட்டுக்குப் போவார். மீனின் செவுளை விரலால் பிளந்து முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவார். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு என் கன்னத்தைக் கிள்ளுவார். சாப்பிடும்போது மீன் தலையை உறிஞ்சி, கண்ணை நாக்கில் உருட்டி, முள்ளை என் தட்டோரம் துப்புவார். பாசம்தான். எனக்குத்தான் குமட்டும். கல்யாணமான நாளிலிருந்து அதையும் சேர்த்தே விழுங்கிக்கொண்டிருந்தேன்.

எங்கள் மகள் சிந்தியா நார்வேயில் வேலை பார்க்கிறாள். அப்பாவின் ஆசைக்காக அங்கே வடக்கே ஓர் ஆற்றில் சால்மன் பிடிக்க ஏற்பாடு செய்தாள். அவளுக்கு லீவு கிடைக்காததால், வழிகாட்டி ஒருவனோடு நாங்கள் இருவர் மட்டும் போனோம். அருமையான இடம் சார், தண்ணீர் அவ்வளவு சுத்தம். மார்பு வரை ரப்பர் உடையை மாட்டிக்கொண்டு ஹெர்பர்ட் அதில் இறங்கினார்.

பெரிய மீன் சிக்கியது. கரையில் போட்டுக் கல்லால் தலையில் அடித்தார். வயிற்றைக் கீறி, ஆரஞ்சு நிறச் சினையை வழித்துப் பச்சையாகவே வாயில் போட்டுக்கொண்டார். தாடியில் கொழகொழவென்று வழிந்தது.

"ஒரு வாய் சாப்ட்டுப் பாரு மௌரீன், வெண்ணெ மாதிரி இருக்கு," என்று என் உதட்டில் தேய்த்தார்.

ஆற்று நீரில் வாயைக் கழுவிக் கழுவிப் பார்த்தேன். வாடை போகவில்லை.

ஐஸ் பெட்டி எடுத்துவர வழிகாட்டி மேட்டிலிருந்த வேனுக்குப் போனான். இன்னொன்று பிடிக்கலாமென்று ஹெர்பர்ட் மறுபடி இறங்கினார். பாசி வழுக்கிவிட்டது. ரப்பர் உடைக்குள் தண்ணீர் புகுந்து அவரை இழுத்தது. எப்படியோ நான் உட்கார்ந்திருந்த பாறையை எட்டிப் பிடித்துக்கொண்டார்.

"கை குடுமா," என்றார்.

அந்தக் கையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும் சார். விரலிடுக்கெல்லாம் செதில். நகக்கண்ணில் ரத்தம்.

கொஞ்சம் இருங்கள் என்று சொல்லிக் கைப்பையிலிருந்து டிஷ்யூ எடுத்தேன். துடைத்துவிடப் போகிறேன் என்று நினைத்தார் போலிருக்கிறது, லேசாகச் சிரித்தார். டிஷ்யூவால் பிடித்து, சுண்டுவிரலில் ஆரம்பித்து ஒவ்வொரு விரலாகப் பாறையிலிருந்து எடுத்துவிட்டேன். குளிரில் விறைத்திருந்ததால் சிரமம் இல்லை. கட்டைவிரல்தான் கொஞ்சம் முரண்டு பிடித்தது.

"என்ன மௌரீன் பண்றே?" என்று மெதுவாகத்தான் கேட்டார்.

அடுத்த கைக்குப் புது டிஷ்யூ எடுத்தேன்.

வழிகாட்டி மேட்டிலிருந்து பார்த்ததைச் சிந்தியாவிடம் சொல்லியிருக்கிறான். அம்மா அப்பாவைத் தண்ணீரில் தள்ளிவிட்டாள் என்று அவள் உங்களுக்குப் புகார் கொடுத்திருக்கிறாள். பெற்ற தாயைப் பற்றி இப்படிச் சொல்ல எப்படித்தான் மனசு வந்ததோ. அது அபாண்டம் சார். நான் அவரைத் தொடக்கூட இல்லை.