கூட்டத்தில் ஒரு இன்ஸ்பெக்‌ஷன்

அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து பட்டாபிராம் போகும் பஸ், பிரச்சாரக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு நின்றது. எனக்கு முன்சீட்டில் கழுத்தில் 'குவாலிட்டி செக்' என்று போட்ட கம்பெனி அட்டையோடு இரண்டு பெண்கள்.

"நாங்கள் வந்தோம், ஏரிகள் நிரம்பின!" என்றது ஒலிபெருக்கி.

"ரிஜெக்ட்," என்றாள் மூத்தவள்.

"இன்னாக்கா, டூட்டி முடிஞ்சும் பீஸ் செக் பண்ணிகினு கீறே?"

"மழ பேஞ்சுது, ஏரி ரொம்புச்சு. இவரு வந்ததுக்கும் அதுக்கும் இன்னா கீது?"

"சேக்காட்டில் கால்வாய் கட்டிவிட்டோம். இல்லை என்பவன், தன் ஆட்சியில் என்ன கிழித்தான்?" என்றது ஒலிபெருக்கி மறுபடியும்.

"இதுவும் ரிஜெக்ட். அவன் கிழிக்கலன்னா இவரு கட்டுனாருன்னு ஆயிடுமா?"

முப்பது வருஷமாகக் கூட்டம் கேட்கிறேன். கைதட்டியிருக்கிறேன், திட்டியிருக்கிறேன். ஒரு வரியைக்கூட இப்படிக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை.

இளையவளுக்கு ஒரே குஷி. "அப்ப கால்வா கட்டுனதே டூப்பு! போன மழையில சேக்காட்டுல உன் தங்கச்சி ஊடே முயுகிச்சே!"

"அது போன மழ, அதுக்கப்பறம் கட்டியிருக்கலாம். அவரு சொன்ன காரணந்தான் சொத்த. கால்வா கீதா இல்லியான்னு பாக்காம நான் எப்டி ரிஜெக்ட் போடுவேன்?"

பஸ் ஒருவழியாக நகர்ந்தது. சேக்காடு வந்ததும் மூத்தவள் எழுந்தாள்.

"யக்கா, நம்ம ஸ்டாப் இன்னும் வரல!"

"தெரியும். நீ போ, நான் பாத்துட்டு வரேன்."